மெயின்ஃப்ரேம் லினக்ஸில் டிஸ்க் பெயர்கள்: மேம்படுத்தலுக்குப் பிறகும் மாறாமல் இருக்க நான் பாவிக்கும் முறை

லினக்ஸ் மேம்படுத்தலுக்கு முன், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, எல்லா வரியிலும் யுயுஐடி (டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் தனி அடையாள எண்) போட்டுவிட்டால் கவலை இல்லை என்று கனபேர் நினைக்கிறார்கள். சாதாரண எக்ஸ்86 சர்வர்களுக்கு அது நல்ல பழக்கம்தான். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் இசட்/விஎம் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளின் கீழ் ஓடும் லினக்ஸுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே சாதன எண்ணை வைத்துப் போகும் பை-பாத் பெயர்தான் நின்று பிடிக்கிறது. சில வருடங்களாக அதையே பாவித்து, இரண்டு பெரிய பதிப்பு மாற்றங்களைக் கடந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் லினக்ஸ் விருந்தினர் இயந்திரங்களை (இசட்/விஎம்முக்குள் ஓடும் மெய்நிகர் சர்வர்களை) கவனிக்கும் சின்னக் குழு. ஒபிஸ் மருதானைப் பக்கம், பெட்டி ஐரோப்பாவில். மெயின்ஃப்ரேமை நேரில் கண்டவர் எங்களுக்குள் யாரும் இல்லை. மாற்றம் செய்ய அவர்கள் தருவது சனி இரவு, அது எங்களுக்கு ஞாயிறு விடியற்காலை. அந்த நேரத்தில் தேத்தண்ணி வாங்கக்கூட ஒரு கடை திறந்திராது.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இசிகேடி எனப்படும் மெயின்ஃப்ரேம் டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் கெர்னல் டாஸ்டி-ஏ, டாஸ்டி-பி, டாஸ்டி-சி என்று பெயர் வைக்கிறது. அந்தப் பெயருக்கும் டிஸ்க்குக்கும் நிலையான தொடர்பு ஒன்றும் இல்லை. எது முதலில் ஆன்லைன் ஆகிறதோ அது ஏ. தனியார் வைத்தியசாலையில் டொக்டரைச் சனல் பண்ணினால் கிடைக்கும் இலக்கம் மாதிரி: இன்றைக்கு 7, அடுத்த முறை 23, ஆள் என்னவோ அதே ஆள்தான். ஆனால் டிஸ்க்குக்கு அடையாள அட்டை இலக்கம் போல ஒன்றும் இருக்கிறது. 0.0.0150 என்ற வடிவில் வரும் சாதன எண் அது. இசட்/விஎம் பக்கம் எங்கள் விருந்தினருக்கு எந்த எண்ணில் டிஸ்க்கைக் கொடுத்தார்களோ அதே எண்தான் லினக்ஸுக்கும் தெரியும்.

பழைய நாட்களில் இதைச் சமாளிக்க ஒரு வழி இருந்தது. இந்த டிஸ்க்குகளைக் கையாளும் டாஸ்டி மொடியூலுக்கு 'டாஸ்டி=' என்று ஒரு பட்டியல் கொடுத்தால், அந்த வரிசைப்படியே பெயர்கள் ஒதுக்கப்படும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். எஃப்எஸ்டேப்பில் எல்லாம் டாஸ்டி-ஏ1, டாஸ்டி-பி1 என்றே இருந்தது. சூசே லினக்ஸ் 11 ஆம் பதிப்பு இருக்கும் வரை ஒரு குறையும் இல்லை.

சூசே 12 க்குப் போனதும் முதல் இயந்திரமே எழும்பவில்லை. காரணம் சரியான பகிடி. பட்டியல் இருந்த மொட்ப்ரோப் (மொடியூல்களை ஏற்றும் கருவி) அமைப்புக் கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடியவில்லை. பழைய கருவிகள் ஒரு எச்சரிக்கையோடு அதைப் படித்துவிடும். சூசே 12 இல் அந்த வேலைக்கு வந்த கேமொட் அந்த முடிவு இல்லாத கோப்பைத் திரும்பியும் பார்க்காது. பட்டியல் போனது, யார் முதலில் வருகிறாரோ அவர்தான் ஏ. ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பாவிக்கும் இடம்) வைத்திருந்த வி-டிஸ்க் முந்திக்கொண்டு டாஸ்டி-பி ஆகிவிட்டது, தரவு டிஸ்க் ஒரு படி கீழே தள்ளப்பட்டது. பூட் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி 90 செக்கன் காத்திருந்து பார்த்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போய் நின்றது.

இந்த இடத்தில் 3270 கன்சோலைப் பற்றிக் கொஞ்சம் புலம்பவேண்டும். அது வரி வரியாக ஓடும் திரை, விஐ எடிட்டர் அதில் வேலை செய்யாது. கன்ட்ரோல்-சி அடிக்க முடியாது, தொப்பிக் குறியையும் சி எழுத்தையும் தட்டி என்டர் கொடுக்கவேண்டும். திரை நிறைந்ததும் வலது மூலையில் 'மோர்' என்று காட்டிவிட்டுச் சும்மா நிற்கும், கிளியர் விசையை அழுத்தினால்தான் அசையும். எஃப்எஸ்டேப்பைத் திருத்த, எழுத்தைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை மட்டுமே கைகொடுத்தது. மேம்படுத்தலுக்கு முதல் நாளே தேவையான செட் வரிகளை எழுதி, ஒத்திகை பார்த்து வைத்திருப்பது நல்லது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தத் திரையில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் யோசிக்க யாருக்கும் மண்டை ஓடாது.

அன்றைக்கு எங்களுடன் அழைப்பில் இருந்தவர் இசட்/விஎம் பார்க்கும் அண்ணை ஒருவர். லினக்ஸ் பக்கம் அவர் வருவதில்லை. நாங்கள் எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்று மாறி மாறிக் கதைத்துக்கொண்டிருக்க, "தம்பி, 150 எண்டா 150 தான். நீங்கள் ஏன் அதுக்கு வேற பேர் வைச்சுக் குழம்புறியள்?" என்றார். அவர் பாட்டுக்குச் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் எல்லா இயந்திரங்களிலும் பை-பாத்தான்.

ஏன் யுயுஐடி இல்லை என்று கேட்பீர்கள். மெயின்ஃப்ரேமில் புது சர்வர் என்றால் யாரும் முதலில் இருந்து நிறுவுவதில்லை. ஒரு மூல இயந்திரத்தின் டிஸ்க்கை ஃப்ளாஷ்காப்பியாலோ டிடிஆராலோ அப்படியே நகல் எடுப்பார்கள், யுயுஐடியும் சேர்ந்து நகலாகும். இருபது இயந்திரத்துக்கும் ஒரே யுயுஐடி. தனித்தனியாக ஓடும்போது தொல்லை இல்லை. ஒரு இயந்திரம் பழுதாகி, அதன் டிஸ்க்கை இன்னொரு விருந்தினரில் லிங்க் பண்ணித் திருத்தப் போகும்போதுதான் விளங்கும். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாளம், பை-யுயுஐடி சுட்டி எதைக் காட்டுகிறது என்பது அதிர்ஷ்டம். கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுன்ட் பண்ணவே மறுக்கும். அதே டிஸ்க்கை 1150 என்ற எண்ணில் லிங்க் பண்ணினால் பை-பாத்தில் 0.0.1150 என்று தனியாக, வடிவாக நிற்கிறது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் எல்விஎம்மும் இதே சிக்கலில் மாட்டும். அது தன் டிஸ்க்குகளைத் தன் சொந்த யுயுஐடியால் அடையாளம் காண்பதால் பெயர் மாறினால் கவலைப்படாது, நகல் வந்தால்தான் திணறும். அதற்கு விஜி-இம்போர்ட்-க்ளோன் கட்டளை இருக்கிறது.

ஸ்வாப் இன்னும் தெளிவான உதாரணம். வி-டிஸ்க் என்பது நினைவகத்தில் உருவாகும் டிஸ்க். விருந்தினர் லாக்ஆஃப் ஆனால் அது காணாமல் போய், அடுத்த லாக்ஆனில் புதிதாகப் பிறக்கும். அதன் பழைய யுயுஐடியை எஃப்எஸ்டேப்பில் எழுதி என்ன பயன்? எங்களிடம் லாக்ஆனில் ஓடும் ப்ரொஃபைல் எக்ஸெக் ஸ்கிரிப்டில் ஸ்வாப்ஜென் ஓடி, லினக்ஸ் எழும்ப முன்பே 0300 இல் ஸ்வாப் தயாராக இருக்கும். எஃப்எஸ்டேப்பில் அதன் பை-பாத் பெயர், முதல் பார்ட்டிஷன். பூட் ஆகும்போது டாஸ்டி-பி1 மீது, டிஸ்க்கை ஸ்வாப்பாக மாற்றும் எம்கே-ஸ்வாப் கட்டளையை ஓட்டும் பழைய ஸ்கிரிப்ட் உங்களிடம் எங்காவது கிடந்தால், இதை வாசித்து முடிக்க முன் போய் அதை எடுத்துவிடுங்கள். பெயர் ஒரு படி தள்ளினால் அது தரவு டிஸ்க்கைத்தான் அழிக்கும்.

பை-ஐடி பெயரும் ஒன்று உண்டு. அதில் ஸ்டோரேஜ் பெட்டியின் தொடர் இலக்கம் இருக்கும். அந்தப் பெட்டி இருக்கும் வரை அருமை. வாடிக்கையாளர் ஸ்டோரேஜை மாற்றினாலோ, பேரிடர் ஒத்திகைக்காக இரண்டாவது தளத்தில் இயந்திரங்களை எழுப்பினாலோ அந்தப் பெயர் அங்கே இராது. பை-பாத்துக்கு அந்தப் பயமே இல்லை. விருந்தினர்களின் அமைப்பு எழுதியிருக்கும் இசட்/விஎம் டிரெக்டரியில், மினிடிஸ்க் (ஒரு வால்யூமில் இருந்து பிரித்துக் கொடுக்கும் பகுதி) வரியில் 150 என்ற எண்ணும் வால்யூம் பெயரும் இருக்கின்றன. அடியில் இருக்கும் உண்மையான சாதன எண் எங்கே மாறினாலும், அந்த வால்யூம் பெயர் கிடைத்தால் போதும், லினக்ஸுக்கு அது 150 தான். ஸ்டோரேஜ் மாற்றம் ஒன்று நடந்து முடிந்து அடுத்த வாரம்தான் எங்களுக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஒரு வரியும் மாறவில்லை.

குறைகளும் இருக்கின்றன. இசட்/விஎம் இல்லாமல் நேரடியாக எல்பாரில் (மெயின்ஃப்ரேம் வன்பொருளின் ஒரு பிரிவில்) ஓடும் லினக்ஸில் அந்த எண் உண்மையான வன்பொருள் எண். ஐ/ஓ அமைப்பு மாறினால் அதுவும் மாறும். ஃபைபர் வழியாக வரும் ஸ்கஸி டிஸ்க்குக்குப் பை-பாத் சரிவராது. அந்தப் பெயரில் ஸ்டோரேஜ் போர்ட்டின் முகவரி இருக்கும், ஒரே டிஸ்க்குக்குப் பல பாதைகளும் இருக்கும். அங்கே மல்டிபாத்தும் எல்விஎம்மும்தான். நான் சொல்வது இசட்/விஎம் கொடுக்கும் இசிகேடி மினிடிஸ்க்குக்கும் வி-டிஸ்க்குக்கும் மட்டும்.

எஃப்எஸ்டேப்பை மாற்றிவிட்டு றூட் டிஸ்க்கை மறப்பவர்களும் உண்டு. கெர்னல் வரியில் இருக்கும் 'ரூட்=' பகுதியையும் மாற்றி, பூட்டின் தொடக்கத்தில் பாவிக்கும் இனிட்ஆர்டியைப் புதிதாகக் கட்டவேண்டும். ரெட் ஹாட்டில் அதன்பின் பூட் பதிவை எழுதும் ஸிப்எல் கட்டளையை ஓட்டாவிட்டால் கோப்பில் எழுதியது கோப்பிலேயே கிடக்கும். சூசே 12 இல் இருந்து ஸிப்எல் ஒரு சின்னக் கெர்னலை மட்டும் ஏற்றுகிறது, அதன் பிறகு க்ரப்2 வந்து உண்மையான கெர்னலை எழுப்புகிறது. அங்கே பழைய ஸிப்எல்.கான்ஃப் கோப்பைத் திருத்திப் பயன் இல்லை, க்ரப் பக்கம்தான் பார்க்கவேண்டும்.

சூசே 15 க்குப் போனது பெரிய கதை இல்லை. பழைய பதிப்பு, சாதனங்களை ஆன்லைன் ஆக்கும் யுடெவ் விதிகளை 51 என்று தொடங்கும் பெயரில் எழுதியிருந்தது, புதிய சிஎச்-இசட்டெவ் கருவி 41 என்று தொடங்குபவற்றை எழுதுகிறது. இரண்டையும் பார்த்து எங்கள் புதுப் பிள்ளை ஒருத்தி கொஞ்சம் பயந்தாள், அவ்வளவுதான். சிஎச்-இசட்டெவ் உண்மையிலேயே நல்ல கருவி. முன்பு புது டிஸ்க் வந்தால் முதலில், கெர்னல் கவனிக்காமல் விடும் சாதனங்களின் சிஐஓ-இக்னோர் பட்டியலில் இருந்து அதை விடுவிக்கவேண்டும். மறந்தால் 'சாதனம் இல்லை' என்று வரும், மினக்கெட்டு இசட்/விஎம் பக்கம் சண்டைக்குப் போவோம். இப்போது அதை அந்தக் கருவியே பார்த்துக்கொள்கிறது.

புது டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணும்போதும் பை-பாத் பெயரையே கொடுக்கிறோம். டாஸ்டிஎஃப்எம்டி கட்டளை தொடங்க முன் சாதன எண்ணைக் காட்டி 'யெஸ்' கேட்கும். அண்ணை அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கும் எண்ணும் திரையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒருவர் வாசிக்க, மற்றவர் பார்த்து ஆம் என்றால்தான் என்டர்.

இன்னும் தீராத எரிச்சல் ஒன்று, டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை பழையபடி டாஸ்டி-ஏ1 என்றே காட்டுகிறது. அதை வாசித்து எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று வாடிக்கையாளரிடம் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் 'டாஸ்டி-சி நிரம்புகிறது' என்று வரும் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, எல்எஸ்டாஸ்டி ஓட்டி அது எந்த எண் என்று தேடுகிறோம். மவுன்ட் பாயின்டை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், அடுத்த மாற்ற நேரத்தில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.