போனோடு போகாத நெட்: பாம்பன் பக்கத்து 499 ரூபாய் ஃபைபர் எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கேபிள் டிவிக்காரரே வீடுவரை இழுத்துத் தரும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வழி நெட் இது. 40 எம்பிபிஎஸ், மாதம் 499 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 589. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மீன்பிடிக்கிற வீட்டில் நெட் என்றால் பெரும்பாலும் ஆம்பளை போனில் போட்ட ரீசார்ஜ்தான். விசைப்படகு கிளம்பினால் போனும் கிளம்பிவிடும். மறுநாள் கரை திரும்பும்வரை வீட்டில் இருப்பவளுக்கு நெட் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்க ஒரு தடவையாவது நெட் பார்த்த பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. சுவரில் மாட்டிய ரவுட்டர் எங்கும் போகாது. திரை கீறிய பழைய போன் சிம் இல்லாமலே அதில் ஓடும்.

அப்லோடு வேகமும் அதே 40 என்பதுதான் இதில் பெரிய விஷயம். விற்பனைக்காகப் பனை ஓலைக் கூடையைச் சுற்றிக் காட்டி எடுத்த 300 எம்பி வீடியோ, போனில் டவர் சிக்னல் தேய்ந்து 2 எம்பிபிஎஸ் கிடைக்கும் நேரத்தில் ஏற 20 நிமிடம் பிடிக்கும். இங்கே ஒரு நிமிடம். அரசின் வீடியோ மருத்துவ சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் பேசும்போதும் படம் உறையாது.

இனி கோளாறுகள். கண்ணாடி இழை துருப்பிடிக்காது. உப்புக் காற்று தின்பது அடாப்டர் பின்னையும் கம்பத்துப் பெட்டியின் கொக்கியையும்தான். பின்னில் பச்சைக் களிம்பு ஏறினால் ரவுட்டர் அடிக்கடி அணைந்து எரியும். 12 வோல்ட் அடாப்டரை மாற்றினால் போதும். ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தால் ஒயர் அறுந்திருக்கிறது, இல்லை மடங்கியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், பனைக்குப் பக்கமாகப் போகும் ஒயரைக் கருக்கு மட்டை ரம்பம் மாதிரி அறுத்துவிடும். மரத்தைச் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பத்து மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. மாட்டி முடித்ததும் மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள்: மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டினால் நெட் நிற்காது.

கரண்ட் போனால்? ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், வழியில் உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆபரேட்டர் அறையில் பேட்டரி இருந்து, வீட்டில் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்ஸும் (சின்ன பேட்டரிப் பெட்டி) இருந்தால் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு அறுபடாது.

ஒரே ஒரு மார்க் குறைப்பது விண்ணப்பப் படிவத்துக்காக. கேட்காமலே வீட்டுக்காரர் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொள்கிறார்கள். அப்புறம் புகார் பதிய, பாஸ்வேர்டு மாற்ற, எதற்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். அந்த போன் கடலில், சிக்னல் இல்லாத இடத்தில். லைன்மேன் பேனாவை எடுக்கும் முன்பே உங்கள் ஆதாரையும் உங்கள் நம்பரையும் நீட்டிவிடுங்கள். பிறகு மாற்றப் போனால் மறுபடி நகல், கையெழுத்து, அலைச்சல்.