டப்புக்குக் கண்ணாடித் தடுப்பு: மூன்று வருஷமும் மூன்று ரப்பரும்

பத்து நாளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "மாமா, உங்க பாத்டப்ல மாட்டியிருக்கீங்களே கண்ணாடி, அதே மாதிரி ஒண்ணு வெல கொறஞ்சிருக்கு. வாங்கலாமா?" நான் அப்போது பாத்ரூம் தரையில் குந்தி, அதே கண்ணாடியின் அடி ரப்பரை மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தேன். "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது கோபம். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

குன்னூரில் பழைய வீடு. ஐந்தரை அடி அக்ரிலிக் டப், முன்பு இருந்தவர் விட்டுப்போனது. கோடையில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, அதனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதுதான் எங்கள் தொட்டி. பக்கத்தில் நின்று மக்கால் மொண்டு குளிப்போம். மற்ற மாதங்களில் பிள்ளைகளுடையது. முதலில் திரைதான் போட்டிருந்தோம். ஐப்பசி மழையில் இங்கே கைக்குட்டைகூடக் காயாது, திரை எங்கே காயும்? கீழோரம் கறுத்து, குளிக்கும்போது சில்லென்று வந்து காலில் ஒட்டும். சின்னவள் அதற்குப் பேய் என்று பெயர் வைத்திருந்தாள்.

கண்ணாடி 6 மி.மீ. டஃபண்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது, 80 செ.மீ. அகலம், 140 செ.மீ. உயரம், கதவு மாதிரி திரும்பும். மாட்டுக்கூலியோடு 12,000 சொச்சம். கோயம்புத்தூரிலிருந்து கம்பளி சுற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்தது. டஃபண்டு கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அளவு தப்பினால் தப்பியதுதான். சுவரைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள். எங்கள் சுவர் மேலே போகப் போகச் சாய்கிறது. கண்ணாடியைச் சுவரோடு பிடிக்கும் சட்டமான சேனலில் கூட்டிக் குறைக்க இருந்த 15 மி.மீ. முழுக்க அதற்கே போய்விட்டது.

கண்ணாடியைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பூரில் அண்ணன் வீட்டில் போர் தண்ணீர் பட்டு ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. இங்கே வருவது மலைத் தண்ணீர், உப்பு கிடையாது. குளித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தை மாதக் காலையில் ஜன்னல் இடுக்குக் காற்று முதுகில் அடிப்பதில்லை, அதற்கே கொடுத்த காசு சரி.

ஆனால் அந்த ரப்பர்! கண்ணாடியின் அடியில் செருகும் பிவிசி பட்டை, கீழே மெல்லிசாக இரண்டு நாக்கு. முதல் வருஷம் மஞ்சளானது. அப்புறம் பிரஷ் நுழையாத உள்மடிப்பில் கறுப்புப் புள்ளி. அப்புறம் நாக்கு விறைத்துச் சுருண்டு, தண்ணீர் வாசல் மிதியடி வரை. இரண்டாவதாக வாங்கியது 8 மி.மீ. கண்ணாடிக்கானது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் கதவைத் திருப்பும்போதெல்லாம் கழன்று டப்பில் விழுந்தால் யாருக்கு எரிச்சல் வராது? மூன்றாவதைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கிச் செருகினேன், வாகாக உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே மிதியடி நனைந்தது.

மறுநாள் அருவங்காட்டிலிருந்து பிளம்பர் அண்ணன் வந்தார். ரப்பரை அவர் தொடவே இல்லை. சுவரோரச் சேனலை நகத்தால் தட்டிப் பார்த்து, "உள்பக்கமும் சிலிக்கான் வெச்சது யாருங்க?" என்றார், இடுக்கை அடைக்கும் பசையைத்தான். சேனலுக்குள் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் போகுமாம். அது டப்புக்குள்ளேயே வடிய உள்பக்கத்தைத் திறந்து விட்டு, வெளிப்பக்கம் மட்டும்தான் அடைக்க வேண்டுமாம். மாட்டியவர் இரண்டு பக்கமும் அப்பிவிட்டார். தேங்கிய தண்ணீர் வெளியே வழி தேடியிருக்கிறது. பிளேடால் உள்பக்க சிலிக்கானை உரித்தெடுத்தார், 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

ஆக, மூன்று வருஷம் நான் திட்டியதில் பாதி ரப்பருக்குச் சேராது. மீதிப் பாதி சேரும்: கறுக்கத்தான் செய்கிறது, குன்னூர்க் கடைகளில் கேட்டால் கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டுகிறார்கள். இன்று கேட்டாலும் வாங்காதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேட்கவில்லை. அக்காவிடம் பேசிவிட்டு ஆர்டர் போட்டுவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை மாட்ட வருகிறார்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.