நீள்தொண்டை ஃப்ளூமுக்கு எது: வின்ஃப்ளூமா, ஓப்பன்ஃபோமா?

வாய்க்காலை ஓரிடத்தில் குறுக்கி, நீர்மட்டத்தை வைத்துப் பாய்வை அளக்கும் அமைப்பு ஃப்ளூம்; குறுகிய பகுதியே தொண்டை. வின்ஃப்ளூம் இத்தகைய ஃப்ளூமை ஒருபரிமாணத்தில் கணக்கிடும் மென்பொருள், ஓப்பன்ஃபோம் நீரோட்டத்தை முப்பரிமாணத்தில் கணக்கிடும் பொதுமென்பொருள். இரண்டும் இலவசம் என்பதால் விலைப் பேச்சு வேண்டாம். பாசன வாய்க்காலில் நீள்தொண்டை ஃப்ளூம் கட்டிப் பாய்வை அளப்பதானால் நான் தேர்ந்தெடுப்பது வின்ஃப்ளூம். குறுக்குவெட்டு, சரிவு, தொண்டை நீளம், சொரசொரப்பு, கேஜ் (நீர்மட்ட அளவுகோல்) இருக்கும் இடம், கீழ்ப்புற நீர்மட்டம் ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த மட்டத்துக்கு எவ்வளவு பாய்வு என்று சொல்லும் ரேட்டிங் அட்டவணை நொடியில் வந்துவிடும். தொண்டை நீளத்தில் 0.07 முதல் 0.7 பங்குக்குள் நீர்த்தலை (தொண்டைத் தளத்துக்கு மேல் மேற்புற நீரின் உயரம்) இருந்தால் பிழை 2 சதவீத அளவில் நிற்கும். மேற்புற ஃப்ரூட் எண் (நீரின் வேகத்துக்கும் அதில் அலை நகரும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.5-ஐத் தாண்டினால் எச்சரிக்கவும் செய்யும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் கட்டிய பிறகு வரும் வேலை. வரைபடத்தில் 50 செ.மீ. அகலமுள்ள செவ்வகத் தொண்டை, ஷட்டரிங் பிரித்ததும் 49 ஆக நிற்கும். 20 செ.மீ. நீர்த்தலையில் விநாடிக்கு 76 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 75-க்குச் சற்றுக் குறைவாகப் போகும். 2 சதவீதம் அங்கேயே போச்சு. தொண்டையின் முன், நடு, பின் மூன்று இடங்களிலும் மேலும் கீழுமாக டேப் வைத்து அளந்து, சராசரியை வின்ஃப்ளூமில் இட்டால் புது அட்டவணை தயார். ஓப்பன்ஃபோமிலோ வடிவத்தைத் திருத்தி, மெஷ் (கணக்குக்காக இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) மறுபடி போட்டு, ஒவ்வொரு பாய்வுக்கும் தனி ஓட்டம் விடவேண்டும். பத்துப் புள்ளிக்குப் பத்து ஓட்டம், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில். போதாததற்கு, ஓப்பன்ஃபோமில் நீரையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் இன்டர்ஃபோமில் நீர்ப்பரப்பு இரண்டு மூன்று செல்லுக்குக் கலங்கிப் பரவும். செல் 5 மி.மீ. என்றால், 5 செ.மீ. நீர்த்தலையை நம்பிப் படிக்க முடியாது.

கேஜின் பூஜ்யத்தைத் தொண்டைத் தளத்தோடு சரிபார்ப்பதை மட்டும் எந்த மென்பொருளும் செய்து தராது. அதில் 3 மி.மீ. தவறினால் 20 செ.மீ. நீர்த்தலையில் பாய்வு 2 சதவீதத்துக்கு மேல் பிசகும், 5 செ.மீ.யில் 9 சதவீதம்.

ஓப்பன்ஃபோம் வேண்டிய இடங்களும் உண்டு. ஃப்ளூமுக்கு ஒட்டி மேற்புறம் வளைவோ மதகோ இருந்தால் நீர் ஒருபக்கமாக ஒதுங்கி வரும். வின்ஃப்ளூம் அதைக் காணாது. நிலையான அளவுகளில் கட்டப்படும் இன்னொரு வகையான பார்ஷல் ஃப்ளூமின் தொண்டைத் தளம் கிடைமட்டத்தில் 8-க்கு 3 என்று இறங்குவதால் நீர்க்கோடுகள் வளையும், ஒருபரிமாணக் கணக்கு அங்கே பொருந்தாது. சரியாகப் பொருத்திய பார்ஷலுக்கு ஆய்வக அட்டவணையே போதும்; ஒருபக்கம் சாய்ந்து அமுங்கியதற்குத்தான் இந்த உழைப்பு. அப்போது பாதி மாடல் போடாதீர்கள், சமச்சீர் இல்லை. கூரண்ட் எண்ணை (ஒரு காலப்படியில் நீர் எத்தனை செல் நகர்கிறது என்பதை) 0.5-க்குள் வையுங்கள். உள்ளே வரும் பாய்வும் வெளியேறுவதும் ஒத்து, கேஜ் மட்டம் அசையாமல் நின்ற பிறகே எண்ணைக் குறியுங்கள்.

கீழ்ப்புற நீர் ஏறி ஃப்ளூம் மூழ்கும் நிலையில் மட்டும் நான் அடக்கித்தான் பேசுவேன். ஓப்பன்ஃபோமில் கொந்தளிப்பு மாடலை மாற்றினால் விடையும் நகரக்கூடும். கரண்ட் மீட்டரால் (நீரோட்ட வேகத்தை அளக்கும் கருவி) ஒருமுறையாவது அளந்து ஒப்பிடாமல் அந்த எண்களைக் கேஜ் பலகையில் எழுத வேண்டாம்.