கொடைக்கானலில் ஆறு மாலை கீதை வகுப்பு

கந்த சஷ்டியை ஒட்டி, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் அறப்போரைப் பொருளாகக் கொண்டு நடந்த கீதை வகுப்புக்கு ஆறு மாலையும் தவறாமல் சென்று வந்தேன். கட்டணம் கிடையாது, சுலோக நகலுக்கு மட்டும் 50 ரூபாய். வடமொழி ஒலிகளுக்காகத் தமிழ் எழுத்தின் அருகே இடும் 2, 3, 4 என்ற எண்கள் அந்த நகலில் விடுபட்டிருந்ததால், முதல் நாள் முழுவதும் உச்சரிப்போடுதான் போர்.

இரண்டாம் அத்தியாயத்தின் 31 முதல் 38 வரையிலான சுலோகங்களை ஆசிரியர் மூன்று நாள் நிதானமாக விளக்கினார். இறந்தால் சுவர்க்கம், வென்றால் மண்ணுலகம் என்னும் 37ஆம் சுலோகத்தோடு நிறுத்திக்கொள்ளும் பேச்சாளர்களையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இவரோ, வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகக் கருதிப் போரிடு என்று அடுத்த சுலோகமே அந்தப் பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்வதைக் காட்டினார். செயலையெல்லாம் என்னிடம் ஒப்படைத்து 'விகதஜ்வர'னாய்ப் போரிடு என்று மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதற்கு, "ஜுரம் விட்டவனாய்" என்று அவர் பொருள் சொன்னபோது, மப்ளர் சுற்றி இருமிக்கொண்டிருந்த முன்வரிசைப் பெரியவரே முதலில் சிரித்தார். வெறி தணிந்த பிறகும் எஞ்சி நிற்கும் கடமை எதுவோ அதுவே அறப்போர் என்பது அந்தச் சிரிப்போடு மனத்தில் தங்கிவிட்டது.

நான்காம் நாள்தான் ஏமாற்றம். காமம், குரோதம் ஆகியவற்றோடு நடக்கும் உட்போர் என்று எல்லாவற்றையும் உருவகமாக்கிவிட்டார். அர்ச்சுனன் வில்லை நழுவவிட்டது எதிரே பீஷ்மரும் துரோணரும் நின்றதால் அல்லவா? அந்தச் சங்கடத்தை இவ்வளவு எளிதாகக் கடந்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் அதை ஈடுகட்டியது. பாண்டவருக்கு ஐந்து ஊராவது தரும்படி கேட்ட கண்ணனின் தூதையும், சிறைப்பட்ட இந்திரன் மகன் சயந்தனையும் தேவரையும் விடுவிக்கும்படி முருகன் வீரவாகுவைச் சூரனிடம் அனுப்பிய கந்தபுராணத் தூதையும் அருகருகே வைத்து, தூது தோற்ற பிறகே சூரன்மேல் வேல் எடுக்கப்பட்டதை விளக்கினார். மாமரமாய் நின்ற சூரன் பிளவுண்டு மயிலும் சேவலுமாக முருகனிடமே சேர்ந்த கதையை, குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் பூம்பாறைக் குழந்தை வேலப்பரும் உள்ள மலையில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் பகைவனுக்கும் அருளில் முடியும் போர் என்று அவர் சொன்ன கோணம் எனக்குப் புதிது.

சுக்குக் காபி நன்று. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிபெருக்கி பயனில்லை. பூம்பாறைக்குத் திரும்ப வேண்டியவர்கள் கடைசி நாள் பேருந்துக்காகப் பாதியில் எழுந்து போனதால், 'என்னை நினை, போரும் செய்' என்னும் எட்டாம் அத்தியாயச் சுலோகத்தை அவர்கள் கேட்கவேயில்லை. அடுத்த முறை மாலை 4 மணிக்கே தொடங்கினால் நல்லது.