வந்து 47 நாள் கழித்துத் திரும்பிப் போன 840 டாலர்

வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த இன்வாய்ஸை அனுப்புங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் காலை என் ஆன்லைன் வாலட்டைத் திறந்தால், இருப்பு என்ற இடத்தில் சிவப்பு எழுத்தில் மைனஸ் 860 டாலர். அதில் 840 என் வேலைக்கு வந்த பணம். மீதி 20, ‘தகராறுக் கட்டணம்’ என்று அவர்களாகப் போட்டுக்கொண்டது.

வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் சேர்த்துவைக்கும் ஒரு தளத்தில்தான் இந்த ஆள் அறிமுகமானார். முதலில் நான்கு பக்கம் மொழிபெயர்க்கக் கொடுத்தார், 40 டாலருக்கு. ஃபைலை அனுப்பிய அரை மணி நேரத்தில் தளம் வழியாகவே பணத்தை விடுவித்தார். கூடவே ஐந்து நட்சத்திரம். அந்த 40 டாலர் தூண்டில் புழு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நல்ல மனுஷர் என்று தோன்றியது.

அப்புறம் பெரிய வேலை வந்தது. ஓர் இயந்திரத்தின் பயனர் கையேடு, 84 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். “தளம் எதற்கு வீணாகக் கமிஷன் பிடிக்க வேண்டும்? நேராக உங்கள் வாலட்டுக்கே போட்டுவிடுகிறேன், முழுத் தொகையும் முன்பணமாக” என்றார். முன்பணம் என்றதும் என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. ஏமாற்றுகிறவன் முடித்த பிறகு தருகிறேன் என்றுதானே இழுத்தடிப்பான்? இவர் முதலிலேயே தருகிறாரே! பத்தே நிமிடத்தில் 840 டாலர் வந்து நின்றது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பணம் வந்த மின்னஞ்சலில் அனுப்பியவர் பெயர் வேறாக இருந்தது. கவனித்தேன், கேட்கவும் செய்தேன். “எங்கள் அக்கவுண்டன்ட் கார்டு” என்று ஒரே வரியில் பதில். நானும் சரி என்றேன். அந்தச் சரிதான் 840 டாலர்.

பதினொரு ராத்திரி கண் விழித்து முடித்துக் கொடுத்தேன். பிரமாதம் என்றார். பணம் வந்து 47 நாள் ஆயிற்று. கார்டுக்கு உரியவர், ‘இந்தப் பணத்தை நான் அனுப்பவில்லை’ என்று தன் வங்கியில் புகார் செய்திருக்கிறார். வங்கி பணத்தைத் திருப்பி இழுத்துக்கொண்டது. சார்ஜ்பேக் என்பது இதைத்தான். கார்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடமும் யாரோ திருடியிருப்பார்கள். ஆனால் விசா, மாஸ்டர்கார்டு கார்டுகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு என்பதும், பேபாலில் (நான் மாட்டியது அது இல்லை, வேறு வாலட்) பணம் கொடுத்தவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம் என்பதும் எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. கணக்கில் வந்துவிட்டால் நம் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாலட் நிறுவனத்துக்கு எழுதினேன். ஆதாரம் தாருங்கள் என்று ஒரு படிவம் வந்தது. அதில் நிரப்பியே ஆக வேண்டிய கட்டம்: கூரியர் கண்காணிப்பு எண். மொழிபெயர்த்த ஃபைலுக்குக் கூரியர் எண்ணுக்கு எங்கே போவது? ‘மின்னஞ்சலில் அனுப்பியது’ என்று எழுதினால் கட்டம் ஏற்கவில்லை. அரட்டைப் பெட்டியில் வந்தவர், “உங்கள் சிரமம் புரிகிறது” என்று மூன்று முறை சொல்லிவிட்டு, “வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?” என்றார். முதல் உதவியே இன்னும் வரவில்லை ஐயா.

தளத்துக்காரர்களிடம் போனேன். வெளியே பணம் வாங்கியது விதிமீறல், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். அதோடு விடாமல் என் கணக்குக்கே ஓர் எச்சரிக்கை. அந்த ஆளின் கணக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையில் நேற்று வேறொரு கிளையன்ட் 150 டாலர் அனுப்பினார். வந்த வேகத்தில் மைனஸில் கரைந்துவிட்டது.

எந்தெந்த வழியில் பணம் வாங்கலாம், எதில் கட்டணம் குறைவு என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாக இவ்வளவுதான்: தளத்தில் பிடித்த கிளையன்ட்டிடம் தளத்துக்கு வெளியே வாங்காதீர்கள். வேலை தொடங்குமுன் எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளமே பணத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஏற்பாடு) பணம் போடச் சொல்லுங்கள், கமிஷன் போனால் போகிறது. நேரடி கிளையன்ட் என்றால் வங்கிப் பரிமாற்றம் கேளுங்கள், கார்டு அளவுக்கு அதை எளிதில் திருப்பி இழுக்க முடியாது. அனுப்பியவர் பெயரும் கிளையன்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அன்றே திருப்பி அனுப்புங்கள், அதுவும் வந்த வழியிலேயே. செக் வேண்டவே வேண்டாம், கணக்கில் பணம் காட்டிய பிறகும் அது திரும்பி வரலாம். ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்’ என்று யாராவது சொன்னால் பதிலே போடாதீர்கள்.

840 டாலரைப் பற்றி வாலட் நிறுவனத்தில் நான் போட்ட மூன்றாவது புகார் டிக்கெட்டையும் இன்று காலை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். நான்காவது போட்டிருக்கிறேன். கூரியர் எண் கட்டத்தில் பன்னிரண்டு பூஜ்யம் அடித்தேன், ஏற்றுக்கொண்டது.