பேசி முடிப்பதா, சமரசமா, விசாரணையா?

டீமில் ஒரு பெண் வந்து, சக ஊழியர் ஒருவர் ராத்திரி நேரத்தில் ஆபாசமாக மெசேஜ் அனுப்புகிறார் என்று சொல்கிறார். மேலாளருக்கு மூன்று வழிகள் தெரியும்: தானே கூப்பிட்டுப் பேசி முடிப்பது, உள்ளகப் புகார்க் குழு வழியாகச் சமரசம், அதே குழுவின் முறையான விசாரணை. வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த, போஷ் என்று எல்லோரும் சொல்லும் இந்தியாவின் 2013 சட்டத்தில் பின்னிரண்டுக்குத்தான் இடம். மனசு போவது என்னவோ முதலாவதன் பக்கம்தான்.

பேசி முடிப்பதில் வேகம் உண்டு, காகிதம் இல்லை. அதுதான் அதன் கோளாறும். "உங்க மேல ஒரு பேச்சு வந்திருக்கு, கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்க" என்று காதில் போட்டுவிட்டால், அன்று மாலையே மெசேஜ்கள் அழிந்துவிடலாம். சாட்சி சொல்லக்கூடியவர்களிடம் அவர் முந்திக்கொண்டு பேசியும் வைக்கலாம். குழு கூடும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. காலக்கெடு வேறு இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுதிப் பதிவு செய்து, மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். "நான் பார்த்துக்கிறேன்" என்று மேலாளர் இழுக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் கழியும்.

கூட்டத்தில் கண்ணெதிரே ஒருவர் ஆபாச ஜோக் அடித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்வது வேறு விஷயம். அதற்குக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது.

ஆக, தனியாக வந்து சொல்பவரிடம் மேலாளருக்கு உள்ள வேலை சின்னது. குறுக்கிடாமல் கேட்பது, தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்வது, ஸ்கிரீன்ஷாட்களை அழிக்காமல் வைக்கச் சொல்வது, குழுவின் தலைவர் யார் என்று காட்டுவது. "அப்பவே ஏன் சொல்லல?" என்ற கேள்வி வேண்டாம். "யாருக்கும் தெரியாது" என்ற வாக்குறுதியும் வேண்டாம், காப்பாற்ற முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும் என்பதே உண்மை. எழுத முடியாதவருக்குப் புகார் எழுத உதவுவது குழுவின் கடமை. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

சமரசத்துக்கும் விசாரணைக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தப் பெண்ணின் கையில். விசாரணை தொடங்கும் முன் அவரே கேட்டால்தான் குழு சமரசத்தில் இறங்கலாம். பணம் கொடுத்து முடிப்பது சமரசத்தின் அடிப்படையாக இருக்கக்கூடாது. உடன்பாடு எழுத்தில் பதிவாகி இருவருக்கும் நகல் போகும். அதன்பின் விசாரணை கிடையாது. எதிர்த்தரப்பு நிபந்தனையை மீறினால் மட்டும் விசாரணைக் கதவு மறுபடி திறக்கும். ஒருமுறை நடந்தது, மன்னிப்பும் இனி நடக்காது என்ற உறுதியும் போதும் என்று அவரே நினைக்கும் இடத்தில் இது நல்ல வழி. புகாருக்கு உள்ளானவர் அந்தப் பெண்ணுக்கே பாஸ் என்றால், "சமரசமா போயிடலாமா?" என்று மேலாளரோ எச்.ஆரோ கேட்பதே அழுத்தம்தான்.

விசாரணை நீளும். புகாரின் நகல் 7 வேலைநாட்களுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பதில் தர 10 வேலைநாட்கள். மொத்த விசாரணை 90 நாட்களில் முடிந்து, அறிக்கை அடுத்த 10 நாட்களில் வர வேண்டும். பரிந்துரையை நிர்வாகம் 60 நாட்களில் செயல்படுத்த வேண்டும். வக்கீல் யாருக்கும் கிடையாது. களைப்பான வழிதான். ஆனால் திரும்பத் திரும்ப நடந்ததற்கும், பதவியைக் காட்டி மிரட்டியதற்கும் இதுவே பொருந்தும். ஆதாரம் போதவில்லை என்று முடிந்தால் உடனே அது பொய்ப் புகார் ஆகிவிடாது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று தனியாக நிறுவ வேண்டும்.

விசாரணை நடக்கும்போது யாரை நகர்த்துவது? அந்தப் பெண் எழுதிக் கேட்டால், குழுவின் பரிந்துரைப்படி அவரையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றலாம், அவருக்கு 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரலாம், அவருடைய அப்ரைசலை எதிர்த்தரப்பு எழுதாமல் தடுக்கலாம். அவர் கேட்காமலே "உங்க நல்லதுக்குத்தான்" என்று அவரை வேறு ஷிஃப்டுக்குத் தள்ளினால், புகார் கொடுத்ததற்குத் தண்டனை என்றுதான் மற்றவர்கள் படிப்பார்கள். அடுத்த புகார் வராது. இடம் மாறியவரைப் பற்றி டீம் விசாரித்தால், "வேலை மாத்தியிருக்கோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.