கார்பன் ஃபைபர் இன்ஃப்யூஷன் கிட்: வாங்கலாம், ஹார்டனரைப் பார்த்து வாங்குங்கள்

ட்ரோன் தகடு, சைக்கிள் பாகம் போன்றவற்றை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ரெசின் இன்ஃப்யூஷன் (காற்றை உறிஞ்சிய பைக்குள் ரெசினை இழுத்துத் துணியை நனைக்கும் முறை) ஸ்டார்ட்டர் கிட் நல்ல தொடக்கம். வேக்யூம் பம்ப், கேட்ச் பாட் (மீறி வரும் ரெசினைப் பிடிக்கும் கலன்), பேக் படலம், அதை ஒட்டும் கம் டேப், பீல் பிளை (இறுகியபின் உரித்தெடுக்கும் துணி), ரெசின் பரவ உதவும் மெஷ், ஸ்பைரல் டியூப், கார்பன் துணி, எபாக்சி (ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும்) எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். பெரிய குறை ஒன்று: கூட வரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த பட்டறையை மனதில் வைத்து எழுதியவை.

சூடு 10 டிகிரி ஏறினால் எபாக்சி இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மதியம் 32 டிகிரி இருக்கும் வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீட்டில் ஃபாஸ்ட் ஹார்டனர் கலந்தால், துணியின் மறுமுனையைத் தொடுமுன்பே ரெசின் இறுகி நின்றுவிடும். நனையாமல் விட்ட இடத்தைப் பிறகு மீட்க வழியில்லை, தகடு குப்பைக்குத்தான். ஸ்லோ ஹார்டனர் கேட்டு வாங்குங்கள், ஏர்கான் அறையில் செய்யுங்கள். கலந்த ரெசினை ஒரே கோப்பையில் நெடுநேரம் வைத்தால் தன் சூட்டிலேயே புகையத் தொடங்கும்.

அளவு பார்ப்போம். 300க்கு 400 மி.மீ. தகட்டில் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) துணி 4 அடுக்கு என்றால் 96 கிராம் கார்பன், தடிமன் 0.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். 2 மி.மீ. வேண்டுமென்றால் 9 அடுக்கு போட வேண்டும். 4 அடுக்குக்கு 100:30 விகித எபாக்சியில் 150 கிராம் ரெசின், 45 கிராம் ஹார்டனர் போதும். தகட்டுக்குள் தங்குவது இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. மற்றது மெஷ்ஷிலும் டியூபிலும் போய்விடும். தராசில்தான் நிறுக்க வேண்டும், கண்ணளவு கூடாது.

பலர் தோற்பது கசிவில். பேக் படலத்தைத் தகட்டின் அளவை விடப் பெரிதாக வெட்டி, மூலைகளில் மடிப்பு வைத்து ஒட்டுங்கள். கிட்டில் வரும் கம் டேப் பெரும்பாலும் பற்றாது, இன்னொரு சுருள் வாங்கி வையுங்கள். காற்றை இழுத்தபின் குழாயை இறுக்கி, பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் வேக்யூம் காட்டும் கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் ரெசின் கலக்காதீர்கள். டியூப் நுழையும் இடத்தையும் மடிப்புகளையும் மீண்டும் அழுத்துங்கள். ரெசின் ஓடும்போது கோப்பை காலியாக விடக்கூடாது, ஒருமுறை காற்று புகுந்தால் குமிழி வரிசை தகட்டில் நின்றுவிடும். துணி முழுக்க நனைந்ததும் ரெசின் வரும் குழாயை முதலில் அடையுங்கள். இறுகும்வரை வேக்யூம் இருக்கட்டும்.

ரெசினைத் துணியில் கையாலேயே பூசும், விலை மலிவான கைப்பூச்சு கிட்டை இங்கே பரிந்துரைக்க மாட்டோம். திறந்த ரெசின் மேல் ஈரக்காற்று பட்டால் பிசுபிசுப்பான படலம் படியும். வெந்நீரில் கழுவாமல் அடுத்த பூச்சு ஒட்டாது. பேக்குக்குள் இந்தத் தொல்லை இல்லை. ப்ரீப்ரெக் (ரெசின் முன்பே ஊறிய துணி) இன்னும் வலுவானது என்றாலும் மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியும் சூடாக்க அவன் அடுப்பும் வேண்டும்.

அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய கறுப்புத் தகடு வெயிலில் வைத்தால் வளையலாம். ரெசினின் தகவல் தாளில் சொன்னபடி போஸ்ட் க்யூர் (இறுகியபின் மீண்டும் சூடாக்குவது) செய்யுங்கள், சமையல் அவன் அடுப்பில் வேண்டாம். வெட்டும்போது தண்ணீர் ஊற்றி, என்95 முகக்கவசம் அணியுங்கள். கார்பன் தூள் மின்சாரமும் கடத்தும், கணினிக்குள் போனால் ஷார்ட் ஆகும். மீந்த ரெசினை இறுகவிட்டு, நன்றாக ஆறியபின்தான் குப்பையில் போட வேண்டும்.